'டிலேமெண்ட்' என்று எழுதிவிட்டேன்: ஆங்கிலப் பெயர்ச்சொல் விகுதிகளை எப்படித்தான் படிப்பது?

குடியாத்தம் பெண் | ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அப்புறம் பி.காம். இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமெண்ட் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வாலாஜாவில் விடுதியில் தங்கியிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் சரக்கு சென்னைத் துறைமுகம் போய்ச் சேர நான்கு நாள் தாமதம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வருத்தம் தெரிவித்து மெயில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். 'டிலேமெண்ட் ஆஃப் ஷிப்மெண்ட்' என்று எழுதினேன். கீழே இன்னொரு வரியில் 'சாம்பிள் அப்ரூவ்மெண்ட்'. மெயில் போவதற்கு முன்னால் மேலாளர் பார்த்துவிட்டார். பார்த்ததைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

நான் படிக்காமல் எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. மூன்று மாதமாக ஒரு நோட்டுப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு விகுதி என்று படிக்கிறேன். 'மெண்ட்' பக்கத்தில் பே – பேமெண்ட், ஷிப் – ஷிப்மெண்ட், அக்ரீ – அக்ரீமெண்ட், டெவலப் – டெவலப்மெண்ட் என்று நாற்பது சொல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் டிலேவுக்கும் போட்டேன். 'பே'வுக்கு வருவது 'டிலே'வுக்கு ஏன் வரக்கூடாது? எந்த வினைக்கு எந்த விகுதி என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாகாயம் தேர்வன் | ஞாயிறு இரவு 9.40

சிஸ்டர், மனசு விடாதீங்க. நானும் தமிழ்வழிதான். வங்கித் தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறேன். நீங்கள் செய்தது சரியான முறை. சொல் எண்ணிக்கைதான் போதவில்லை. நாற்பதை இருநூறு ஆக்குங்கள். ஷன், மெண்ட், நெஸ், இட்டி, ஆன்ஸ், ஷிப், ஹுட் என்று ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பட்டியலில் இல்லாத சொல்லை எழுதவே மாட்டீர்கள். எனக்குக் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியில் இதனால்தான் மதிப்பெண் ஏறியது.


பழைய தமிழாசிரியர், ஆற்காடு | ஞாயிறு இரவு 10.25

அம்மா, உன் கேள்வி மிக நல்ல கேள்வி. சிரித்த இருவரிடம் அதையே கேட்டிருந்தால் அவர்களுக்கும் பதில் தெரிந்திருக்காது.

நான் ஆங்கில ஆசிரியன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் தமிழ் நடத்தியவன். ஆனால் உன் கேள்விக்கான பதில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொழிற்பெயர் படித்தாய் அல்லவா? மூன்று வகை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விகுதி பெற்ற தொழிற்பெயர்: நடத்தல், வளர்ச்சி, கல்வி. முதனிலைத் தொழிற்பெயர்: விகுதியே இல்லாமல் வினையின் பகுதி அப்படியே பெயராக நிற்பது. அடி, உதை, இடி. 'அவனை அடி' என்றால் வினை, 'அவனுக்கு ஓர் அடி விழுந்தது' என்றால் பெயர். மூன்றாவது முதனிலை திரிந்த தொழிற்பெயர்: கெடு கேடு ஆகிறது, சுடு சூடு ஆகிறது, பெறு பேறு ஆகிறது.

இந்த மூன்றும் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கின்றன. பேமெண்ட் விகுதி பெற்றது. டிலே முதனிலைத் தொழிற்பெயர். தாமதப்படுத்துவதும் டிலே, தாமதமும் டிலே. டேமேஜ், டிமாண்ட், க்ளெய்ம், ஆர்டர், பர்ச்சேஸ் எல்லாம் இந்த வகுப்பு. உன் மேசையில் தினமும் புழங்கும் சொற்களாயிற்றே. மூன்றாவது வகைக்கு சிங் – சாங், ஸ்ட்ரைக் – ஸ்ட்ரோக், செல் – சேல், பிலீவ் – பிலீஃப். உள்ளே ஓர் ஒலி திரிகிறது, வால் ஒட்டுவதில்லை.

விகுதிப் பட்டியலை மட்டும் வைத்துப் படித்தால் முதல் வகை மட்டுமே கண்ணில் படும். மற்ற இரண்டும் நோட்டுக்குள் வரவே வராது. ஏனென்றால் அவற்றுக்கு வாலில்லை, எந்தப் பக்கத்திலும் சேர்க்க முடியாது. உன் நோட்டில் டிலேவுக்கு இடமே இல்லாமல் போனதால்தான் நீ அதற்கு ஒரு வால் தேடினாய்.

'பே'வுக்கு வருவது 'டிலே'வுக்கு ஏன் வரக்கூடாது என்றாய். பயில் – பயிற்சி, முயல் – முயற்சி. அப்படியானால் துயில்? இன்றைய தமிழில் 'துயிற்சி' என்று யாராவது சொல்கிறார்களா? துயில் துயிலாகவே நிற்கிறது. காரணம் கேட்டால் வழக்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஓடினால் ஓட்டம், வாடினால் வாட்டம், சாடினால் சாடல். 'சாட்டம்' என்று நீ ஒருநாளும் சொல்லமாட்டாய். அதை எந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து கற்றாய்? சொல்லை அதன் வினையோடும் வாக்கியத்தோடும் கேட்டுக் கேட்டுக் கற்றாய். அதே வழிதான் இதற்கும்.


பாகாயம் தேர்வன் | ஞாயிறு இரவு 10.48

ஐயா, மதிப்போடு ஒரு சந்தேகம். தமிழை நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், அதனால் காதிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தைப் பாகாயத்தில் யாரிடம் கேட்பது? எங்கள் வீட்டில், தெருவில், பஸ்ஸில் எங்கும் கிடையாது. அதனால்தான் பட்டியல். இன்னொன்று: ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை விகுதி? ஒழுங்கே இல்லாத மாதிரி இருக்கிறதே.


பழைய தமிழாசிரியர், ஆற்காடு | திங்கள் காலை 6.30

தம்பி, நியாயமான கேள்வி. ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

1806 ஜூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். தமிழில் அதைக் கிளர்ச்சி என்கிறோம், எழுச்சி என்கிறோம், புரட்சி என்கிறோம். மூன்றும் 'சி'யில் முடிகின்றன. அதே நிகழ்ச்சிக்கு ஆங்கிலப் புத்தகங்களில் மியூட்டினி, ரிபெல்லியன், ரிவோல்ட், அப்ரைசிங் என்று நான்கு சொல் பார்க்கலாம். ஒன்று 'இ'யில் முடிகிறது, ஒன்று 'யன்', ஒன்று 'இங்', ரிவோல்ட்டுக்கு வாலே இல்லை. விகுதியை மட்டும் பார்த்தால் நான்கும் நான்கு ஊர்க்காரர்கள். உன் நோட்டில் நான்கு வெவ்வேறு பக்கத்தில் கிடக்கும், ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. ஆனால் எழுதுகிறவனுக்கு இவை நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். எதை எங்கே போடுவது என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டும். மியூட்டினி என்றால் படையிலோ கப்பலிலோ இருப்பவர்கள் தங்கள் மேலதிகாரிக்கு எதிராக எழுவது. அப்ரைசிங் என்றால் மக்கள் எழுவதையும் சேர்த்துச் சொல்லலாம். நடந்தது எழுச்சியா, வெறும் கீழ்ப்படியாமையா என்ற வழக்கே அந்தச் சொல்லில் இருக்கிறது.

காதுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அதற்கு மாற்று வாசிப்பு. பட்டியல் அல்ல.


சத்துவாச்சாரி டீச்சர் | திங்கள் இரவு 8.05

ஐயா சொன்னது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நான் பத்து வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டிலேவை 'முதனிலைத் தொழிற்பெயர்' என்று சொல்லித் தரலாம் என்று இதுவரை தோன்றியதே இல்லை. நாளையிலிருந்து சொல்லப்போகிறேன்.

ஆனால் ஐயா, வழக்கு ஒன்றே வழி என்று விட்டுவிட வேண்டாம். வினை எப்படி முடிகிறது என்று பார்த்தால் நிறைய இடங்களில் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடலாம். விகுதியிலிருந்து தொடங்கினால் குழப்பம். வினையின் கடைசியிலிருந்து தொடங்கினால் ஓர் ஒழுங்கு தெரியும்.

'ஃபை' என்று முடிகிற வினை 'ஃபிகேஷன்' ஆகும்: செர்ட்டிஃபை – செர்ட்டிஃபிகேஷன், வெரிஃபை – வெரிஃபிகேஷன், ஸ்பெசிஃபை – ஸ்பெசிஃபிகேஷன். சாட்டிஸ்ஃபை மாதிரிச் சில சொற்கள் மட்டும் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் என்று தனியாகப் போகும். 'மிட்' என்று முடிந்தால் பெரும்பாலும் 'மிஷன்': பெர்மிட், சப்மிட், அட்மிட், ட்ரான்ஸ்மிட். லிமிட் இந்தக் குடும்பம் இல்லை, அது லிமிட்டேஷன். 'ஏபிள்' என்று முடிகிற பெயரடை 'எபிலிட்டி' ஆகும்: டியூரபிள் – டியூரபிலிட்டி. அக்யுரேட், பிரைவேட், லிட்டரேட் மூன்றும் 'சி' எடுக்கும்: அக்யுரசி, பிரைவசி, லிட்டரசி.

அப்புறம், இடையில் எழுத்து மாறுவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை. ஐயாவின் வழியிலேயே போய்ப் பார்த்தேன். புணர்ச்சியில் விகாரம் மூன்று என்று நாமே படித்திருக்கிறோம், தோன்றல், திரிதல், கெடுதல். அசியூம் என்பது அசம்ப்ஷன் ஆகும்போது நடுவில் ஒரு 'பி' புதிதாகத் தோன்றுகிறது. கன்சியூம் – கன்சம்ப்ஷன், ரெசியூம் – ரெசம்ப்ஷன் எல்லாவற்றிலும் அதே 'பி'. இது தோன்றல். டிசைட் – டிசிஷன், எக்ஸ்பாண்ட் – எக்ஸ்பான்ஷன் என்பதில் 'டி' 'எஸ்'ஸாகத் திரிகிறது. டிஸ்கிரைப் – டிஸ்கிரிப்ஷன் என்பதில் 'பீ' (b) 'பி'யாகிறது (p), பார்மசியில் நாம் நீட்டும் பிரிஸ்கிரிப்ஷன் சீட்டும் அப்படி வந்ததுதான். ப்ரொனவுன்ஸ் என்பது ப்ரொனன்சியேஷன் ஆகும்போது நடுவிலுள்ள 'ஓ' கெடுகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் அந்த 'ஓ'வை விடாமல் எழுதுவார்கள். இனி 'ஓ கெட்டது' என்று ஒரே வார்த்தையில் திருத்துவேன்.

எழுத்துக்கூட்டலில் ஒன்று. டிசிஷன், எக்ஸ்பான்ஷன், எக்ஸ்டென்ஷன், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் எஸ்-ஐ-ஓ-என். ஆனால் அட்டென்ஷன், இன்டென்ஷன் இரண்டுக்கும் டி-ஐ-ஓ-என். இந்த இரண்டையும் தனியாகக் கட்டம் போட்டு வையுங்கள்.

தம்பி பாகாயம், உன் பட்டியலை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. படிக்கும்போது தெரியாத சொல்லை 'இது பெயர்ச்சொல்' என்று அடையாளம் காண விகுதி அறிவு நிச்சயம் உதவும், தேர்வில் அதுதான் வேண்டும். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது வேறு. அவள் எழுதவேண்டும். எழுதும்போது மனசில் முதலில் வருவது வினை. வினையிலிருந்து பெயருக்குப் போகும் பாதை வேண்டும், வாலிலிருந்து தலைக்கு வரும் பாதை உதவாது.


பாகாயம் தேர்வன் | திங்கள் இரவு 8.31

டீச்சர், 'ஃபை' – 'ஃபிகேஷன்' எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. என் நோட்டில் பதினேழு சொல்லைத் தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஒரே வரியில் முடிந்திருக்கும்.

ஆனாலும் பட்டியலை நான் விடமாட்டேன். தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு முப்பது, நாற்பது விநாடிதான். எந்தச் சொல் எந்தக் குடும்பம் என்று யோசிக்க நேரம் கிடையாது.


காட்பாடி செவிலி | செவ்வாய் அதிகாலை 5.50

இரவுப் பணி முடியும் நேரம், எழுதாமல் போக மனசில்லை.

எங்கள் துறையில் வால்தான் எல்லாம். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: ஹெபடைட்டிஸ் கல்லீரல், அப்பெண்டிசைட்டிஸ் குடல்வால், நெஃப்ரைட்டிஸ் சிறுநீரகம். 'ஆல்ஜியா' என்றால் வலி, 'ஈமியா' என்றால் இரத்தத்தில் ஏதோ ஒன்று. இவை கிரேக்கத்திலிருந்து வந்த வால்கள், இவற்றுக்கு விதிவிலக்கு மிகக் குறைவு. அதனால் மருத்துவச் சொற்களுக்கு மட்டும் பாகாயம் தம்பியின் முறை அப்படியே பொருந்தும்.

ஆனால் வாலைக் கவனமாகப் படிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் காலைப் பணி மாற்றும்போது ஒரு நோயாளியின் விவரத்தை நான் எழுதினேன். அவருக்கு நடந்தது கொலாஸ்டமி. நான் எழுதியது கொலெக்டமி. 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுவது. 'ஆஸ்டமி' என்றால் ஒரு திறப்பு உண்டாக்குவது. பெருங்குடலை வெளியே திறந்துவிட்டிருந்த மனிதரை, குடலையே எடுத்துவிட்டவர் என்று எழுதிவிட்டேன். மூத்த அக்கா ஒருவர் வயிற்றில் ஒட்டியிருந்த பையையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை வாங்கித் திருத்தினார். 'கண்ணால் பார்த்ததை எழுது, காதில் விழுந்ததை எழுதாதே' என்றார். அவர் என்னை யார் முன்னாலும் சொல்லவில்லை. குடியாத்தம் தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் அந்த அக்காவைத்தான் நினைத்தேன்.

இப்போது வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் செவிலியர்கள் ஒரு கடிதம் எழுதவேண்டும், பெரும்பாலும் நோயாளியை இன்னோர் இடத்துக்கு அனுப்பும் கடிதம். அதில் வரும் சொற்கள்: அட்மிஷன், ரெஃபரல், ரிமூவல், ரெக்கவரி, டிஸ்சார்ஜ். ஐந்தில் டிஸ்சார்ஜ் மட்டும் ஐயா சொன்ன முதனிலை வகை. பத்து வருடமாக 'டிஸ்சார்ஜ்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதற்கு வாலில்லை என்று நேற்றுத்தான் கவனித்தேன்.

ஒரு சந்தேகம் டீச்சர். அட்மிட் என்பதற்கு அட்மிஷன், அட்மிட்டன்ஸ் இரண்டும் இருக்கிறதே. எங்கள் அறுவை அரங்கக் கதவில் 'நோ அட்மிட்டன்ஸ்' என்று இருக்கிறது. ஏன் 'நோ அட்மிஷன்' இல்லை?


சத்துவாச்சாரி டீச்சர் | செவ்வாய் மாலை 7.10

நல்ல கண் உங்களுக்கு. ஒரே வினைக்கு இரண்டு விகுதி இருந்தால் ஆங்கிலம் இரண்டையும் சும்மா வைத்திருப்பதில்லை, வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும். அட்மிட்டன்ஸ் என்றால் ஓர் இடத்துக்குள் காலெடுத்து வைப்பது மட்டும். அட்மிஷன் என்றால் கல்லூரியில், மருத்துவமனையில் சேர்வது, தவிர ஒப்புக்கொள்வதும் அட்மிஷன்தான். கமிட் என்பதற்குக் கமிட்மெண்ட், கமிஷன் இரண்டு உண்டு, பொருள் எவ்வளவு தூரம் பாருங்கள். 'சைல்ட்' என்பதிலிருந்து சைல்ட்ஹுட் வந்தது, சைல்டிஷ்நெஸ்ஸும் வந்தது. நமக்கு இது புரியாத சங்கதி இல்லை: ஒன்று குழந்தைப்பருவம், இன்னொன்று குழந்தைத்தனம்.

இன்னொன்றும் சேர்த்துவிடுகிறேன், பேசும்போது உதவும். ஷன், இட்டி இரண்டும் அழுத்தத்தைத் தங்களுக்கு முன்னால் உள்ள அசைக்கு இழுத்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் என்பதில் 'லெக்' உரக்க வரும். எலெக்ட்ரிசிட்டி என்றால் 'ட்ரி' உரக்க வரும். டியூரபிள் என்பதில் முதல் அசை, டியூரபிலிட்டி என்பதில் 'பில்'. நெஸ், மெண்ட், ஷிப், ஹுட் நான்கும் பொதுவாக எதையும் நகர்த்தாது. தாய்ச்சொல்லில் எங்கே அழுத்தமோ அங்கேயே இருக்கும். ஐயா சொன்ன முதனிலை வகையில் சில சொற்கள் அழுத்தத்தை வைத்தே வினையா பெயரா என்று காட்டும். எக்ஸ்போர்ட்: பெயரானால் 'எக்ஸ்' உரக்க, வினையானால் 'போர்ட்' உரக்க. ரெகார்ட், பெர்மிட், ரெபெல் எல்லாம் அப்படி. டிலே அப்படி மாறாது, இரண்டிலும் 'லே'தான்.


ஆம்பூர் ஷூ | செவ்வாய் இரவு 9.55

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஆம்பூரில் பதினெட்டு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை. தங்கச்சி எங்கள் தொழில், அதனால் நாலு வார்த்தை.

'ஈ' விகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் என்ற தாளில் கன்சைனீ என்று ஒரு கட்டம் இருக்கும். கன்சைன் என்றால் அனுப்பி ஒப்படைப்பது, கன்சைனீ என்றால் அதைப் பெறுகிறவர். செக்கில் பேயீ பணம் பெறுகிறவர். பள்ளியில் கடிதம் எழுதும்போது இடப்பக்கம் 'அனுப்புநர்', 'பெறுநர்' என்று போடுவோமே, அந்தப் பெறுநர்தான் இந்த 'ஈ'. எம்ப்ளாயர் – எம்ப்ளாயீ, ட்ரெயினர் – ட்ரெயினீ எல்லாம் இதே ஜோடி. ஆனால் அப்சென்ட்டீ, ரிட்டயரீ, அட்டெண்டீ மூன்றிலும் 'ஈ' தானே செய்கிறவர். அதில் ஏமாறாதீர்கள். புதிதாக வந்த ஒரு பையன் எங்களிடம் சரக்கு அனுப்பும் ஷிப்பர் பெயரைக் கன்சைனீ கட்டத்தில் போட்டுவிட்டான். திருத்தி வாங்க ஒரு வாரம் அலைந்தோம்.

'ஏஜ்' விகுதியில் தொழில் சொல் நிறைய: ஷ்ரிங்கேஜ், வேஸ்டேஜ், ஸ்டோரேஜ், லீக்கேஜ், துறைமுகத்தில் பெட்டி தங்கினால் கட்டும் டெமரேஜ். இவற்றுக்குப் பெரும்பாலும் 'எஸ்' சேர்க்காதீர்கள். காட்பாடி ஸ்டேஷனில் பத்துப் பெட்டியோடு இறங்கினாலும் அது லக்கேஜ்தான், 'லக்கேஜஸ்' கிடையாது. எக்விப்மெண்ட், ஃபர்னிச்சர், மெஷினரி, ஃபுட்வேர் எதற்கும் பன்மை இல்லை. பேக்கிங் லிஸ்ட்டில் 'ஃபுட்வேர்ஸ்' என்று நான் பார்க்காத வாரமில்லை. எண்ண வேண்டுமென்றால் 'பேர்ஸ்' என்று ஜோடிக் கணக்கில் எழுதுங்கள். ஷிப்மெண்ட்டுக்குப் பன்மை உண்டு. ஒரே 'மெண்ட்' என்றாலும் குணம் வேறு.

ஏன் இத்தனை விகுதி என்று பாகாயம் தம்பி கேட்டதற்கு என் மனசில் தோன்றுவது இது. எங்கள் வீட்டில் உருது பேசுவோம். நவாப் காலத்தில் ஆற்காட்டில் தர்பார் மொழி பாரசீகம். அதனால் தமிழ் பேசும் இந்த ஜில்லாவில் இன்றும் தாசில்தார், தாலுகா, வசூல், ஜப்தி, ஜமாபந்தி என்றுதான் சொல்கிறோம். 'தார்' என்றால் வைத்திருப்பவர், அது பாரசீக விகுதி. வீட்டுச் சொல் தமிழ், அரசாங்க ஆபீஸ் சொல் பாரசீகம். இங்கிலாந்திலும் இதுதான் நடந்தது. 1066இல் பிரான்ஸ் பக்கத்திலிருந்து நார்மன்கள் வந்து ஆட்சியைப் பிடித்தார்கள், அரசவையில் பிரெஞ்சு ஏறியது. நெஸ், ஷிப், ஹுட், டம் எல்லாம் ஆங்கிலேயர்களுடைய பழைய வீட்டு விகுதி. மெண்ட், ஷன், இட்டி, ஏஜ் எல்லாம் பிரெஞ்சும் லத்தீனும் கொண்டுவந்தவை. வீட்டு விகுதியான நெஸ் கிட்டத்தட்ட எந்தப் பெயரடையிலும் ஒட்டிக்கொள்ளும். ஷன், இட்டி போன்றவை தங்கள் ஊர்ச் சொல்லாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் ஒட்டும். பெயரடைக்கு எந்த விகுதி என்று தெரியாமல் அவசரத்தில் எழுதவேண்டி வந்தால் நெஸ் போடுங்கள், தப்பானாலும் படிப்பவருக்குப் புரியும்.


பழைய தமிழாசிரியர், ஆற்காடு | புதன் காலை 6.45

பாய், 'தார்' எடுத்துக்காட்டு அருமை. ஜமாபந்தி நோட்டீஸ் ஒட்டியிருக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் எத்தனை முறை நின்றிருக்கிறேன், இது தோன்றவில்லை.

நெஸ் என்பதற்கு நம் 'மை' நெருங்கிய சொந்தம். லெஸ்நெஸ் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் 'இன்மை': கேர்லெஸ்நெஸ் கவனமின்மை, ஹெல்ப்லெஸ்நெஸ் கதியின்மை. திருக்குறளில் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். வாய்மை, நிலையாமை, நடுவு நிலைமை, அன்புடைமை. எத்தனை 'மை'! பிள்ளைகள் ஒவ்வொரு தலைப்புக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் தேடிப் பார்க்கட்டும். வாய்மைக்கு ட்ரூத்ஃபுல்நெஸ் கிடைக்கும், நிலையாமைக்கு இம்பெர்மனன்ஸ், நடுவு நிலைமைக்கு இம்பார்ஷியாலிட்டி. தமிழில் ஒரே 'மை', அங்கே மூன்று வால். தேடித் தேடி எழுதிய சொல் மறக்காது.


பாகாயம் தேர்வன் | புதன் இரவு 9.20

ஐயா, இன்று மாலை உட்கார்ந்து பத்து அதிகாரம் பார்த்தேன். பொறையுடைமைக்கு ஃபர்பேரன்ஸ் என்று கிடைத்தது. அந்தச் சொல் போன மாதம் ஒரு மாதிரித் தேர்வில் வந்து நான் விட்ட கேள்வி. அகழ்வாரைத் தாங்கும் நிலம் என்று குறளோடு சேர்ந்து மனசில் உட்கார்ந்துவிட்டது. பட்டியலையும் வைத்துக்கொள்கிறேன், இதையும் செய்கிறேன்.


சத்துவாச்சாரி டீச்சர் | புதன் இரவு 9.45

குடியாத்தம் மா, ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பெரிய பெயர்ச்சொல் கற்றுக்கொண்டதற்காக எல்லா வாக்கியத்திலும் போடாதே. 'வெரிஃபிகேஷன் ஆஃப் தி டாக்குமெண்ட்ஸ் வாஸ் டன்' என்பதைவிட 'வீ வெரிஃபைடு தி டாக்குமெண்ட்ஸ்' நல்ல ஆங்கிலம். யார் செய்தார்கள் என்பது தெரியும், படிப்பவருக்கும் சுமையில்லை. தலைப்பு, ஒப்பந்தம், அறிக்கை இவற்றில் பெயர்ச்சொல் தேவைப்படும். மெயிலில் வினை இருக்கட்டும்.


குடியாத்தம் பெண் | வியாழன் இரவு 8.50

எல்லாப் பதிலையும் இரண்டு முறை படித்தேன். விடுதியில் என் அறைத் தோழிக்கும் படித்துக் காட்டினேன். செவிலி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுகை வந்துவிட்டது. நன்றி.

நோட்டை மாற்றிவிட்டேன். இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு வினை. இடப்பக்கம் அன்றைய மெயிலில் அந்த வினை வந்த வாக்கியம், வலப்பக்கம் அதன் பெயர்ச்சொல்லும் அது வரும் ஒரு வாக்கியமும். பாய் சொன்ன மாதிரி பன்மை உண்டா இல்லையா என்று ஒரு குறி. வாலில்லாத சொற்களுக்குப் பின்பக்கத்தில் 'முதனிலை' என்று தலைப்புப் போட்டுத் தனி இடம். அதில் இன்று வரை பதினொன்று சேர்ந்திருக்கிறது, முதல் சொல் டிலே.

இன்று இன்னொரு சரக்கு இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த மெயிலையும் நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். 'வீ ரிக்ரெட் தி டிலே இன் ஷிப்மெண்ட்' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'சாம்பிள் அப்ரூவல்' வந்தது. மேலாளர் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை, அனுப்பச் சொன்னார்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். வாடிக்கையாளர் அனுப்பிய தாளில் 'கம்ப்ளையன்ஸ்' என்று வருகிறது. அதன் வினை 'கம்ப்ளை'தானே? அப்படியானால் அப்ளை, ரிலை, சப்ளை எல்லாவற்றுக்கும் 'யன்ஸ்' போடலாமா?


பழைய தமிழாசிரியர், ஆற்காடு | வியாழன் இரவு 9.30

வினை கம்ப்ளைதான் அம்மா. மற்றதை டீச்சர் சொல்லட்டும்.


சத்துவாச்சாரி டீச்சர் | வியாழன் இரவு 9.52

கம்ப்ளை – கம்ப்ளையன்ஸ், ரிலை – ரிலையன்ஸ். இரண்டுக்கும் ஏ-என்-சி-ஈ. அப்ளை என்பதற்கு இரண்டு உண்டு: விண்ணப்பம் அப்ளிகேஷன், மிக்ஸி கிரைண்டர் மாதிரி வீட்டுச் சாமான் அப்ளையன்ஸ். சப்ளையை உன் நோட்டின் பின்பக்கத்தில் எழுது, பன்னிரண்டாவது.